ராட்வீலர் கடிக் கணக்கில் வகுக்கும் எண் எங்கே?

வணக்கம். ஆபத்தான நாய் இனங்கள் என்ற அமெரிக்கப் பட்டியல் ஒன்றைக் காட்டி உங்கள் ராட்வீலர் இன நாயை வெளியேற்றச் சொல்கிறது குடியிருப்புச் சங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2000-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வை அவர்களுக்குக் காட்டுங்கள். 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய் தாக்கி இறந்தவர்களில், நாயின் இனம் தெரிந்த 238 பேரின் கணக்கு அது. பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வீலரும்தான், அதை மறைக்காதீர்கள். ஆனால் நாட்டில் எந்த இனம் எத்தனை என்ற நம்பகமான எண் இல்லாததால், இனவாரி அபாயத்தைச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

பத்துக் கடி என்றால், ஆயிரம் நாய்களில் அது நூற்றுக்கு ஒன்று. இருநூறு நாய்களில் நூற்றுக்கு ஐந்து. வகுக்கும் எண்ணே, அதாவது அந்த இனத்தில் மொத்தம் எத்தனை நாய்கள் என்பதே, தெரியாதபோது என்ன செய்வது? பதிவேட்டில் வராத நாய்களும் கலப்பினங்களும் ஏராளம். என் கலப்பின நாயை எதிர்வீட்டுக்காரர் லாப்ரடார் என்கிறார், மருத்துவமனை அட்டையில் ராட்வீலர் என்று இருக்கிறது!

இருந்தாலும் ராட்வீலர் கடித்தால் காயம் ஆழமாகும், அண்டை வீட்டாரின் அச்சம் நியாயமானது. மின்தூக்கியில் வாய்க்கூடு போடுங்கள், குட்டையான கயிற்றில் பிடியுங்கள். தடுப்பூசி அட்டையையும் மாநகராட்சி உரிமத்தையும் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.