கேம் ஐடி வாங்கி ஏமாந்த மகன்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் (வயது 19), பகுதிநேர வேலையில் சேர்த்த 22,000 ரூபாயைக் கொடுத்து டெலிகிராம் குழு ஒன்றில் செல்போன் விளையாட்டு ஐடி (வேறொருவர் விளையாடி வைத்திருந்த கணக்கு) வாங்கினான். குழுவின் அட்மின்தான் இடையில் நின்று பணத்தை வாங்கிக்கொண்டார். நான்கே நாளில் விற்றவர் ஐடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினோம். ஐடியை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்று சொல்லி அதை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். போலீசுக்குப் போனால் மகன் மீதே வழக்கு வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருவதாக ‘சைபர் வக்கீல்’ ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏமாந்தவர்களின் பட்டியல் அந்தக் குழுக்களிலேயே கைமாறுகிறது. முதலில் பறித்தவரோ அவருடைய கூட்டாளியோதான் ‘மீட்பவர்’ வேடத்தில் மறுபடி வருவார். அவர் உண்மையிலேயே வழக்கறிஞர் என்றால், விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கப் பார் கவுன்சில் விதி 36 அவரை அனுமதிப்பதில்லை. ஆன்லைனில் வழக்கறிஞர் சேவையை விளம்பரப்படுத்தும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ‘மீட்கும் தொகையில் இத்தனை சதவீதம்’ என்று பேரம் பேசுவதையும் விதி 20 தடுக்கிறது. அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

அடுத்தது உங்கள் பயம். விளையாட்டு நிறுவனத்தின் விதியை மீறுவது குற்றம் அல்ல. அது நிறுவனத்துக்கும் பயனருக்கும் இடையிலான ஒப்பந்த மீறல். ஐடியை முடக்குவதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்காக உங்கள் மகனை யாரும் கைது செய்ய முடியாது. ‘உங்கள் பையன் மீது எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, பணம் கட்டினால் முடித்துவிடலாம்’ என்று காக்கிச் சட்டைப் படம் வைத்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், இணைப்பைத் துண்டியுங்கள்.

ஐடி திரும்பக் கிடைக்காது, அம்மா. அதை இப்போதே மறந்துவிடுவது நல்லது. முதலில் எந்த மின்னஞ்சலை இணைத்தாரோ, அதை வைத்து விற்றவர் எப்போது வேண்டுமானாலும் ஐடியை மீட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்றியதால் நம் கைக்கு வந்துவிட்டது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் 22,000 ரூபாய் போன வழி வங்கியில் பதிவாகியிருக்கிறது. சட்டம் உங்களுக்கு உதவக்கூடிய இடம் அதுதான்.

அண்மையில் ஒரு மாணவர் என் அலுவலகத்துக்கு வந்தார். செல்போனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார். துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கியின் அலங்காரத் தோற்றம்), உடை, நடன அசைவு என்று ஐடியில் இருந்த எல்லாமே அதில் இருந்தது. பணம் அனுப்பியதற்கான படம் ஒன்றுகூட இல்லை. ‘என் ஐடி திருடு போய்விட்டது’ என்று எழுதிக் கொடுத்ததால், காவல் நிலையத்தில் ‘விளையாட்டுக்கெல்லாம் கேஸா?’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் மூன்று மாதம் உழைத்துச் சேர்த்த பணம் அது. எதிரே நிற்பவன் பணத்தை இழந்ததை இப்படி விளையாட்டாக நினைக்கும் காவல் நிலையங்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாரக்கணக்கில் அலைய வைத்துவிட்டு, ‘இது சிவில் விவகாரம்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே புகாரின் முதல் வரியிலேயே, ‘திருப்பித் தரும் எண்ணமில்லாமல், பொய் சொல்லி என்னிடம் 22,000 ரூபாய் பெற்றார்கள்’ என்று மகன் எழுதட்டும். விளையாட்டு இரண்டாம் பத்தியில் வரட்டும். இது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்கீழ் மோசடி. போலிப் பெயரில், வேறொருவரின் படத்தைக் காட்டி ஏமாற்றியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். விற்றவரோடு அட்மினையும் எதிரியாகச் சேர்க்க மறக்காதீர்கள். ‘நான் வெறும் இடைத்தரகர்’ என்று அவர் நழுவுவார். பணம் அவருடைய யுபிஐ-க்குத்தானே போனது?

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு இன்றே பேசுங்கள். நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தாமதம் ஆக ஆகப் பணம் பல கணக்குகள் மாறிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏதாவது ஒரு கணக்கில் அது முடங்கினால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். வங்கிக் கணக்கு அறிக்கையில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். அது கையில் இருக்கட்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ, நகரம் என்றால் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு இது பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு வரும் பலருக்குப் பொருந்தும். வெளியாளிடம் வாங்காமல், நிறுவனத்திடமே நேரடியாகப் பணம் கட்டிப் பொருள்களை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கைக் காரணம் சொல்லாமல் முடக்கினால் கதை வேறு. அமெரிக்காவில் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தில் பிராக் என்ற வழக்கறிஞர் 300 டாலருக்கு நிலம் வாங்கினார். ஏலத்தில் குறுக்குவழியில் வாங்கினார் என்று நிறுவனம் 2006-இல் அவருடைய கணக்கையும் சொத்துகளையும் முடக்கியது. அவர் நீதிமன்றம் போனார். ‘நீங்கள் சம்மதித்த விதிப்படி நீதிமன்றத்துக்கு வெளியே, சான் பிரான்சிஸ்கோவில் தனியார் நடுவர் முன்புதான் வழக்காட வேண்டும்’ என்றது நிறுவனம். 2007 மே மாதம் பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம், அந்த விதி ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்றது. பிறகு இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. நம் உச்ச நீதிமன்றமும் 2018-இல், நடுவர் விதி இருப்பதாலேயே நுகர்வோர் வழக்குக்குத் தடையில்லை என்று கூறிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. ‘ஐ அக்ரீ’ என்று அழுத்திவிட்டோமே என்று ஒதுங்கிப் போகத் தேவையில்லை.

கோபத்தில் உங்கள் மகன் அந்த ஐடிக்குள்ளோ விற்றவரின் மின்னஞ்சலுக்குள்ளோ நுழைந்து பார்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு உங்கள் மகன் மீதே பாயும். விற்றவரின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். டெலிகிராம் உரையாடலை எதிராளி அவர் பக்கத்திலிருந்தே அழித்துவிட முடியும். அதனால் குழுவின் பெயர், பயனர் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி முழு உரையாடலையும் இன்று மாலைக்குள் திரையில் ஓட்டி வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை அந்த செல்போனை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது.