பேண்ட் வரவில்லையா? பாட்டிலைத் திட்டும் முன்…

வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி (டிரான்ஸ்ஃபர்), ஆன்டிபாடியால் தேடுவோம். தேடிய புரதம் இருந்தால் பேண்டாக, அதாவது பட்டையாகத் தெரியும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதற்கான பாஸ்போ இ.ஆர்.கே. ஆன்டிபாடி பற்றியவை. கேள்வியும், அதன் கீழே என் பதிலும். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சேதியை நியூக்ளியஸ் வரை கொண்டுபோகும் புரதம் இ.ஆர்.கே. மெக் என்னும் நொதி அதன் மேல் இரண்டு பாஸ்பேட் ஒட்டினால்தான் அது முழுவேகத்தில் வேலை செய்யும். அப்படி ஒட்டிய நிலையைப் பிடிக்கத்தான் இந்த ஆன்டிபாடி.

ஹீலா செல்லுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்) இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி கொடுத்தேன். மொத்த இ.ஆர்.கே. (பாஸ்பேட் ஒட்டியதும் ஒட்டாததும்) பளிச்சென்று வருகிறது, பாஸ்போ மட்டும் வெறுமை. புரதத்தைப் பிடிக்கும் பிரைமரி இரண்டும் முயல் ஆன்டிபாடி, அவற்றைப் பிடித்துக் காட்டும் செகண்டரி ஒன்றே. புது பாட்டில்தான், ஏமாற்றிவிட்டார்களா?

மொத்தம் வருகிறதென்றால் ஜெல், டிரான்ஸ்ஃபர், செகண்டரி மேல் பழியில்லை. எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: “டிரிப்சின் போட்டு எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, பிறகு லைசிஸ்.” அதாவது நொதியால் செல்லைத் தட்டிலிருந்து பிரித்து, டியூபில் சுற்றி, கடைசியில்தான் செல்லை உடைத்திருக்கிறீர்கள். இ.ஜி.எஃப். கொடுத்த ஐந்து, பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும் சிக்னல் இது. நீங்கள் டியூபைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே செல்லின் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும்.

தட்டை ஐஸ் மேல் வையுங்கள். மீடியத்தைக் கொட்டி, குளிர்ந்த பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) ஒருமுறை ஊற்றி எடுங்கள். சூடான எஸ்.டி.எஸ். (புரதத்தை அவிழ்க்கும் சோப்பு) சாம்பிள் பஃபரை நேராகத் தட்டிலேயே விட்டுச் சுரண்டி, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். சாதா லைசிஸ் பஃபர்தான் வேண்டுமென்றால் பாஸ்பட்டேஸ்களை அடக்கும் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் கட்டாயம். வனடேட்டைச் சும்மா கரைத்து ஊற்றினால் போதாது. பி.எச். 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளடிக்கும். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி பி.எச். பாருங்கள். மஞ்சள் திரும்பாமல் பி.எச். 10-லேயே நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். அதே பஃபரில் உலோகத்தைப் பிடிக்கும் இ.டி.டி.ஏ.வும் ஒடுக்கியான டி.டி.டி.யும் இருந்தால் வனடேட் வீண்.

எனக்கு நேர் எதிர். ஒன்றும் கொடுக்காத கன்ட்ரோலிலும் அதே தடிமனில் பேண்ட்.

மீடியத்தில் சேர்க்கும் சீரத்தில் (ரத்தத்திலிருந்து எடுத்த திரவம்) இருக்கும் வளர்ச்சிக் காரணிகளே இ.ஆர்.கே.யை எழுப்பப் போதும். முதல்நாள் இரவே சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள். காலையில் தட்டை ஆட்டாதீர்கள், புது மீடியமும் ஊற்றாதீர்கள். அந்த அதிர்ச்சிக்கே இ.ஆர்.கே. விழித்துக்கொள்ளும். ஒரு தட்டுக்கு மட்டும் மெக்கை அடக்கும் யூ0126 கொடுத்துவிட்டுப் பிறகு இ.ஜி.எஃப். கொடுங்கள். ஜெல்லில் அந்தத் தட்டுக்கான லேனில் (வரிசையில்) பேண்ட் மறைந்தால் பாட்டிலை நம்பலாம். நான் எந்தப் புது பாட்டிலையும் இந்த லேன் இல்லாமல் திறந்ததில்லை.

ஒரே புரதத்துக்கு ஏன் இரண்டு பேண்ட்?

ஒரே புரதம் இல்லை, அண்ணன் தம்பி. மேலே 44 கிலோடால்டனில் இ.ஆர்.கே.1, கீழே 42-இல் இ.ஆர்.கே.2. பல செல்களில் தம்பிதான் தடிமன். ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஜெல்லை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

பால் பவுடரில் பிளாக் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் சவ்வை மூடுவது) செய்யக் கூடாதாமே?

பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம் என்பதால் வந்த பயம். பாலில் பிளாக் செய்து நல்ல பிளாட் எடுத்தவர்களும் உண்டு. பிரைமரியையாவது 5% பி.எஸ்.ஏ.வில் (மாட்டு அல்புமின் புரதம்) கலக்குங்கள்.

லேபிளில் பாஸ்பேட் ஒட்டும் இடங்களாக மனித இ.ஆர்.கே.1-இன் த்ரியோனின் 202, தைரோசின் 204 என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது எலி செல்.

எண்தான் மாறும். மனித இ.ஆர்.கே.2-இல் அதே இடங்கள் 185, 187. எலியில் 183, 185. ஆன்டிபாடி எண்ணைப் படிப்பதில்லை, சுற்றியுள்ள வரிசையைத்தான் பார்க்கிறது. அந்த வரிசை மனிதனிலும் எலியிலும் ஒன்றுபோலவே இருப்பதால் தயங்காமல் போடுங்கள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று ஆன்டிபாடி பாட்டிலை மைனஸ் 80-இல் வைத்துவிட்டேன்.

பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த பாட்டில் மைனஸ் 20-இல் உறையாது, அதற்காகத்தான் கிளிசரால். 80-இல் உறைந்து, எடுக்கும்போதெல்லாம் உருகினால் ஆன்டிபாடி கெடும். ஒருமுறைதான் என்றால் ஒரு பிளாட் ஓட்டிப் பாருங்கள், தேறிவிடலாம்.

கலக்கிய ஆன்டிபாடியை மறுபடி பயன்படுத்தலாமா?

பிரைமரியை, தாராளமாக. 0.02% சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்தால் சில தடவை ஓடும். அசைடு விஷம், கையுறை போடுங்கள். சிங்க்கில் கொட்டாதீர்கள், செம்பு, ஈயக் குழாயில் சேர்ந்தால் வெடிக்கும் உப்பாகும். எச்.ஆர்.பி. என்னும் நொதி ஒட்டிய செகண்டரிக்கு மட்டும் அசைடு ஆகவே ஆகாது, அந்த நொதியையே முடக்கிவிடும். மாணவனாக இருந்தபோது அசைடு போட்ட பஃபரில் செகண்டரியைக் கலக்கிவிட்டு, ஒரு வாரம் வெள்ளை ஃபிலிமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டில் மேல்தான் சந்தேகப்பட்டேன், நானும்.