ஆறரை மணி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வானொலியிலும் டிவியிலும் வருகிற தமிழ் நிகழ்ச்சிகளின் நேரங்களைத் திரட்டி வாராவாரம் வாட்ஸ்அப் குழுவொன்றில் போடுகிறேன். வயதானவர்கள் நிறையப் பேர் அதை நம்பி இருக்கிறார்கள். போன கிழமை ஒருவர், "நிகழ்ச்சி நிரலுக்கும் உரிமை இருக்கு, வழக்குப் போடுவாங்கள்" என்று பயமுறுத்துகிறார். உண்மையா?
*வாசகி, வெள்ளவத்தை*

பதில்: தாராளமாகப் போடுங்கள். திங்கள் மாலை ஆறரைக்கு நாடகம், ஏழுக்குச் செய்தி என்பதெல்லாம் தகவல், யாரும் உட்கார்ந்து இயற்றிய கவிதை இல்லையே. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வெறும் தரவுகளுக்குப் பாதுகாப்புக் கிடையாது என்றே சொல்கிறது. ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் உரிமை அதன் ஒலிபரப்பின் மேல்தான். மறுஒலிபரப்புச் செய்ய, பதிவு செய்ய, அந்தப் பதிவைப் பிரதியெடுக்க அனுமதி வேண்டும். ஆனால் அவர்கள் எழுதிய கதைச்சுருக்கத்தை வரிக்கு வரி எடுக்காதீர்கள், அவர்களுடைய அட்டவணையை அப்படியே படம் பிடித்தும் போடாதீர்கள். தகவலைத் தெரிவு செய்து அடுக்கிய விதத்தில் சொந்த மூளை தெரிந்தால் அந்தத் தொகுப்புக்குப் பாதுகாப்பு உண்டு. நேரத்தை மட்டும் எடுத்து உங்கள் பாணியில் தட்டச்சு செய்தால் ஒரு சிக்கலும் இல்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. அயர்லாந்தில் 1980களில் மகில் என்றொரு பதிப்பு நிறுவனம், எல்லா அலைவரிசைகளின் ஒரு வார நிகழ்ச்சிகளையும் ஒரே இதழில் போடப் புறப்பட்டது. அயர்லாந்தின் ஆர்டிஈ, பிரித்தானியாவின் பிபிசி, ஐடிவி மூன்று ஒளிபரப்புத் தரப்பும் தனித்தனியாகச் சொந்த வழிகாட்டி இதழ் விற்றுக்கொண்டிருந்த காலம் அது, அதனால் மூன்று அலைவரிசை பார்க்கிற வீட்டுக்கு மூன்று இதழ் வாங்க வேண்டும். பதிப்புரிமையைக் காட்டி மகிலைத் தடுத்தார்கள், அங்கத்தைய சட்டத்தில் அப்போது நிரலுக்கே பதிப்புரிமை இருந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு 1988இல் தலையிட, வழக்கு இழுபட்டு 1995 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது: வேறு எங்குமே கிடைக்காத தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, மக்கள் கேட்கிற ஒரு புது இதழ் வரவிடாமல் மறிப்பது சந்தை ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்வது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, நியாயம் மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால், பொதுமக்கள் காசில் நடக்கிற நிலையம் தன் நிரலைத் தானே, கணினி வாசிக்கக்கூடிய வடிவில், வாரத் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். ஒரு அலுவலகத்தில் நான் ஒருமுறை இப்படியொரு பட்டியல் கேட்டபோது, எக்செலில் இருந்ததை அச்சடித்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்து, கொஞ்சம் சாய்வாக அனுப்பினார்கள். ஒரு மூலையில் யாரோ ஒருவருடைய பெருவிரலும் விழுந்திருந்தது. கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு நாள் இருந்து திரும்பத் தட்டச்சு செய்தேன்.

கேள்வி: எழுபதுகளில் என் அப்பா இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் நடித்தவர். இப்போது அவர் இல்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்ட ஆசை. ஆர்டிஐ போட்டால் ஒலிநாடா கிடைக்குமா?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

பதில்: நாடாவைப் பிறகு பார்ப்போம், முதலில் பட்டியலைக் கேளுங்கள். "அப்பா நடித்த நாடகம் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், "அப்படி ஒன்று எம்மிடம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இப்படி எழுதுங்கள்: "1973 ஜனவரி முதல் 1975 டிசம்பர் வரை தமிழ்ச் சேவையில் ஒலிபரப்பான நாடகங்களின் தலைப்பு, திகதி, நடித்தவர் பெயர்கள் உள்ள பதிவேடுகளின் பிரதி. அதே காலத்தில் கலைஞர்களுக்கு வழங்கிய கொடுப்பனவுப் பதிவேட்டின் பிரதி." இந்த இரண்டாவதை மறக்க வேண்டாம். நாடா அழிந்தாலும் காசு கொடுத்த கணக்கு சில நேரம் தப்பிப் பிழைக்கும்!

ஆர்டிஐ என்கிற, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. "புலமைச் சொத்து" என்று ஒரு கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். அந்த விதிவிலக்கை வாசித்தால், வெளியிடுவதால் மூன்றாம் தரப்பொன்றின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வர வேண்டும் என்றிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்திய நாடகப் பட்டியலால் யாருடைய வியாபாரம் கெடப்போகிறது?

அடுத்தது நாடா. ஒலிபரப்பின் மேல் நிறுவனத்துக்குள்ள உரிமை 50 வருடம்தான், ஒலிபரப்பான ஆண்டின் முடிவிலிருந்து கணக்கு. 1974இல் போனது 2024உடன் முடிந்துவிட்டது. நாடகத்தை எழுதியவரின் உரிமை வேறு, அது அவர் இறந்தும் 70 வருடம் இருக்கும். வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அது தடையில்லை, யூடியூப்பில் ஏற்றுவதென்றால் எழுத்தாளர் குடும்பத்தைக் கேளுங்கள்.

நாடாவே இல்லை என்று சொன்னால் மனம் உடைந்துபோகாதீர்கள். விலை கூடிய பொருள் என்று பழையதை அழித்து மேலே பதிவது அந்தக் காலத்தில் பல நாடுகளில் வழக்கம், பிபிசியே எத்தனையோ தொடர்களை அப்படி அழித்துவிட்டுப் பின்னால் தேடித் திரிந்தது. ஆனால் அவர்கள் உருப்படியாக ஒன்று செய்தார்கள். தங்கள் நிகழ்ச்சி வழிகாட்டியான ரேடியோ டைம்ஸ் இதழின் 1923 முதல் 2009 வரையான நிகழ்ச்சிப் பட்டியல்களை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றி, 2014இல் ஜீனோம் என்ற பெயரில் திறந்துவிட்டார்கள். ஒலி இல்லாவிட்டாலும், எந்த இரவு யார் பாடினார், யார் நடித்தார் என்று யாரும் தேடிப் பார்க்கலாம். 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலிக்கும் இப்படி ஒன்று வரட்டுமே.

கேள்வி: மேட்ச் அரச டிவியில் இலவசமாக வர வேண்டாமா? அலைவரிசை நம்முடையதுதானே?
*வாசகர், மட்டக்குளி*

பதில்: அலைவரிசை நம்முடையதுதான், மேட்சைக் காட்டும் உரிமையைக் கிரிக்கெட் சபை விற்றுவிடுகிறது. இந்தியாவிலும் 1993 ஹீரோ கிண்ணத்தில், நம் அணியும் ஆடியதுதான், இதே சண்டை வந்து, வான் அலைகள் பொதுச்சொத்து என்று அங்கத்தைய உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அப்புறம் 2007இல் தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளின் சிக்னலை அங்கத்தைய பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஆகவே தீர்ப்பு மட்டும் போதாது, சட்டமும் வேண்டும்.

கேள்வி: எங்கள் மாமா பத்திரிகைகளில் வந்த வானொலி நிகழ்ச்சி நிரல்களை வெட்டி ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தூக்கி எறியலாமா?
*வாசகி, தெஹிவளை*

பதில்: ஐயோ, வேண்டாம்! நூலகம் எண்ணிம நூலகத்தாரிடம் பேசிப் பாருங்கள், ஈழத்துத் தமிழ் இதழ்களை 2005இலிருந்து ஸ்கேன் செய்து வருகிறவர்கள். ஒரு சந்தேகம் எனக்கு. வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் திகதியை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். அப்படியிருந்தால் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பாதி மரண அறிவித்தலோ, தியேட்டரில் "இன்று முதல்" என்ற பட விளம்பரமோ இருந்தால் அதை வைத்தே வாரத்தைப் பிடித்துவிடலாம். எனவே இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.