விஞ்ஞானிகள் தொலைக்காட்சியிலும் நிருபர்களிடமும் தங்கள் ஆய்வைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்? செவ்வி கேட்கிறார்கள், போகப் பயமாக இருக்கிறது

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதையும் வாசித்தேன். இலங்கையின் கிழக்கில் முதுமாணி ஆய்வு செய்கிறீர்கள். ஒரு தொலைக்காட்சி செவ்வி கேட்டிருக்கிறது. "திரித்துப் போடுவார்கள், வேண்டாம்" என்று உங்கள் மேற்பார்வையாளர் தடுக்கிறார். என் பதில், போங்கள். ஆனால் நான் போன விதத்தில் போகாதீர்கள்.

மட்டக்களப்பு வாவித் தண்ணீரை அளப்பதுதான் என் வேலை. உப்பு, வெப்பம், கரைந்த ஒட்சிசன் என்று தோணியில் போய் அளந்து, கொப்பியில் எழுதி, கணினியில் ஏற்றி, வருடத்துக்கு ஒரு கட்டுரை எழுதுவேன். அதை உலகத்தில் நாற்பது பேர் வாசித்தால் அதிகம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம், முகத்துவாரம் மண்மூடிக் கிடந்த காலத்தில், கல்லடிப் பக்கம் ஒரு விடியற்காலை மடவையும் ஜப்பான் மீனும் (திலாப்பியாவை இங்கே இப்படித்தான் சொல்வோம்) வயிறு மேலே தெரிய மிதந்தன. ஐந்து மணிக்கே போய் அளந்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் 1 மில்லிகிராம் ஒட்சிசன்கூட இல்லை. மீன் சுகமாக இருக்க 5 அளவில் வேண்டும், 2க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தவிக்கத் தொடங்கும். பகலில் ஒட்சிசன் விடுகிற அல்காக்கள் (பாசிகள்) இரவில் தாங்களும் அதை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாகி, கடலோடு தொடர்பில்லாமல், காற்றும் அடிக்காமல் கிடந்தால் விடிவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் ஆகக் குறைவாக இருக்கும். புத்தகத்தில் உள்ளபடியே நடந்திருந்தது.

எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு நிருபர் தம்பி வந்தார். அவரே கமரா, அவரே மைக், அவரே கேள்வி. 11 நிமிடம் பேசினேன். முடியும்போது கேட்டார், "சேர், ஆரும் நஞ்சு கிஞ்சு போட்டிருப்பாங்களோ?" கிருமிநாசினிப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. ஆகவே நேர்மையான விஞ்ஞானியாக, "இப்போதைக்கு அதை முற்றாக நிராகரிக்க முடியாது" என்றேன்.

இரவுச் செய்தியில் என் முகம் 9 செக்கன் வந்தது. அந்த ஒரு வசனம் மட்டும். கீழே சிவப்புப் பட்டியில் "மட்டு. வாவியில் நஞ்சா? ஆய்வாளர் சந்தேகம்".

மூன்றாம் நாள் ஒரு தோணிக்காரர் வீட்டு வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "சேர், ஒங்கட வாயால வந்த ஒரு சொல்லு. மூணு நாளா ஒரு கிலோ மீன் போகல்ல. நாங்களும் எங்கட புள்ளயளும் அந்த மீனத்தான் திங்கிறம்."

அந்த நிருபருக்கு அழைத்து ஏசினேன். அவர் பதிலுக்குக் கோபப்படாமல் முழுப் பதிவையும் வட்ஸ்அப்பில் அனுப்பினார். கேட்டுப் பார்த்தேன். ஒட்சிசன் என்ற சொல் 19 தடவை. செறிவு, நிரம்பல் நிலை, நற்போசணைப் பெருக்கம். அந்த 11 நிமிடத்தில் ஒரு மீன்காரி சந்தையில் இன்னொருத்தியிடம் திருப்பிச் சொல்லக்கூடிய வசனம் எங்கே என்று தேடினால், நஞ்சை நிராகரிக்க முடியாது என்ற அந்த ஒன்றுதான் அகப்படுகிறது. "சேர், நீங்க சொன்னதுல எனக்கு விளங்கினதும் அதுதான்" என்றார் தம்பி. திரிக்கவில்லை. என் பேச்சில் கையில் தூக்கிக்கொண்டு போகக் கூடியதாக இருந்த ஒரே சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதில் தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. "நிராகரிக்க முடியாது" என்றால் ஆய்வுகூடத்தில் "இன்னும் பார்க்கவில்லை" என்று அர்த்தம். ஆனால் எங்கட சனம் அந்த வசனத்தை இத்தனை வருடமாகக் கேட்டு வந்தது அரசியல்வாதிகளின் வாயிலிருந்து. "அதை மறுப்பதற்கில்லை" என்று ஒருவர் மேடையில் சொன்னால், ஆமாம், நடந்தது என்று அர்த்தம். "வாய்ப்பு" என்ற சொல்லும் அப்படித்தான். வெள்ளம் வர வாய்ப்புண்டு என்று செய்தியில் சொல்கிறார்கள், லொத்தர் விழ வாய்ப்புண்டு என்பதுபோல. கொவிட் காலத்தில் "பொசிட்டிவ்" என்று சொன்னதும் நல்ல செய்தி என்று நினைத்து ஆறுதல்பட்ட ஒரு கிழவியை எனக்குத் தெரியும். ஆகவே செவ்விக்கு முதல் நாள் இரவு நான் இப்போது செய்வது, என் சொற்களை எடுத்து, இதை ஊர்ச் சந்தியில் சொன்னால் என்ன அர்த்தம் வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

கலைச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்தவர், 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நாங்கள் தமிழில் விஞ்ஞானமே படித்திருக்க மாட்டோம். ஆனால் கலைச்சொல் வகுப்பறைக்கு. செய்திக்கு, "தண்ணியில காத்துக் குறைஞ்சு மீன் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு." இதில் விஞ்ஞானப் பிழை ஒன்றுமில்லை. தோணிக்காரருக்கு இதைச் சொன்னதும் "விடியப்புறம் வாயத் தொறந்து தொறந்து மேல வருமே, அதுவா?" என்றார். அவர் வருடக்கணக்காகப் பார்த்துவந்த ஒன்றுக்கு நான் காரணம் சொன்னேன், அவ்வளவுதான்.

இனித் தொலைக்காட்சி. அது காது கேட்கிற பெட்டி இல்லை, கண் பார்க்கிற பெட்டி. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2 மணி போல சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்து, நாவலடி தொடக்கம் கல்முனை, மருதமுனை வரைக்கும் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. 2004ஐப் பார்த்த சனம், நின்று யோசிக்குமா? பெரிய அலை வரவில்லை. மறுகா, எச்சரிக்கையை எடுத்த பிறகு, "பொய் சொல்லி ஓட வைச்சிட்டாங்க" என்று பேச்சு எழுந்தது. இது ஆபத்தான பேச்சு, அடுத்த முறை ஓடமாட்டார்கள். விளக்கம் சிறியதுதான். 2004இல் கடலடித் தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தள்ளியது. 2012இல் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் வழுக்கின. இதை வார்த்தையால் சொன்னால் ஒருவருக்கும் ஏறாது. ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, உள்ளங்கையை அடியில் வைத்து மேலே தூக்குங்கள், தண்ணீர் வழியும். அதே கையைத் தட்டையாகப் பக்கவாட்டில் இழுங்கள், மேலே சும்மா சலசலக்கும். 10 செக்கன் போதும். எந்தச் செய்தி ஆசிரியரும் அந்தக் காட்சியை வெட்டமாட்டார். நான் இதைப் பள்ளிக்கூடங்களில் செய்து காட்டுகிறேன், அந்த ஏப்ரலில் ஒரு கமராவுக்கு முன்னால் செய்யவில்லையே என்ற கவலை இன்னும் உண்டு.

ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் இதில் எல்லாவற்றையும்விடக் கெட்டது. இத்தாலியில் லாக்குவிலா என்ற ஊர். 2009 தொடக்கத்திலிருந்து சின்னச் சின்ன அதிர்வுகள், சனம் பயந்துபோய் இருந்தது. மார்ச் கடைசியில் நிபுணர் குழு கூடியது. அந்த நாளில் சிவில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கமராவுக்கு முன்னால், நிலைமை சாதகமாகத்தான் இருக்கிறது என்ற பாணியில் பேசினார். அப்படியென்றால் ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட்டு ஆறுதலாக இருக்கலாமா என்று நிருபர் கேட்க, அதற்கும் ஆமாம் போட்டார். ஏப்ரல் 6ஆம் திகதி 6.3 நிலநடுக்கத்தில் 300க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2012இல் அவருக்கும் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஆறு வருடச் சிறை. 2014 மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை, அதிகாரியின் தண்டனை மட்டும் குறைக்கப்பட்டு நின்றது. நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஆனால் சனத்தின் காதில் விழுந்தது வைன் கிளாஸ்.

பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்று உங்கள் மேற்பார்வையாளர் நினைக்கலாம். எனக்கு அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை, கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருந்தது. அடக்கினால் வைரசு நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று சொன்னார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது என்பது சாதாரண தரப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிற விசயம். எங்கட மாவட்டத்திலும் அம்பாறையிலும் எத்தனை முஸ்லிம் வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மறுகா 2021 மார்ச்சில் அடக்க இடம் கொடுத்தது இதே மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தண்ணீரைப் படித்தவன் நான். அந்தப் பத்து மாதத்தில் ஒரு மைக்கையும் நான் தேடிப் போகவில்லை, என்னையும் யாரும் தேடி வரவில்லை. அதே 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்து என்று ஒருவர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றதை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டியது. பாணிக்காரருக்குக் கமராப் பயம் இல்லை.

சில்லறை விசயங்கள், வேகமாகச் சொல்கிறேன். தலைப்பை எழுதுபவர் உங்களிடம் வந்த நிருபர் இல்லை, கொழும்பில் இருக்கிற யாரோ. அவரிடம் ஏசிப் பயனில்லை. பிராந்திய நிருபர்களில் பலருக்குச் செய்தி வெளிவந்தால்தான் காசு, அதனால் அழைப்பு வந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள், நாளைக்கு என்பது அவருக்கு இல்லை. "எழுதியதை எனக்குக் காட்டு" என்று கேட்காதீர்கள், "இலக்கங்களை மட்டும் ஒருக்கா வாசித்துக் காட்டுங்கோ தம்பி" என்று கேட்டால் மறுக்கமாட்டார். போட வேண்டாம் என்பதைப் பேசுவதற்கு முன் சொல்லுங்கள், பேசி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. அரச திணைக்களத்தில் வேலை என்றால் தாபன விதிக்கோவை (அரச ஊழியர்களுக்கான விதிகள்) இருக்கிறது, மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் எடுங்கள். கல்லடிப் பாலத்தில் நின்று பேசாதீர்கள், காற்றும் பஸ்சும் உங்கள் குரலைத் தின்றுவிடும். பாலத்துக்குக் கூட்டிப்போகத்தான் பார்ப்பார்கள், படம் வடிவாக வரும் என்று.

அங்கே போனால் இன்னொன்றும் நடக்கும். நீங்கள் ஆராய்வது நுளம்பாக இருந்தாலும் கேள்வி "மீன் பாடுமா?" என்றுதான் வரும், இந்த வாவியில் இரவில் கேட்கிற ஒரு ஒலியை மீன் பாடுகிறது என்று சொல்வார்கள். முன்பு எரிச்சல் வரும். இப்போது அதையே பிடித்துக்கொள்கிறேன். 1848 செப்டம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த வாவியில் இரவில் அந்த ஒலியைக் கேட்டு எழுதி வைத்தார். அவருக்கு எங்கட மீனவர்கள் காட்டியது மீனை இல்லை, ஊரியை (ஓட்டோடு இருக்கும் சின்ன நத்தை). ஊரி அழுகிறது என்றார்கள். ஆனால் நின்றது பாடும் மீன்தான், ஊர் வாசல் வளைவுகளில் எழுதியும் வைத்துவிட்டோம். நல்ல தலைப்பு என்றால் நூற்றைம்பது வருடத்துக்கும் அசையாது. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "அந்த ஊரிக்கும் மூச்சு விடக் காத்து வேணும்" என்று என் விசயத்துக்கு வந்துவிடுவேன்.

மறுபடி ஒரு மீன் சாவு வந்தது. அதே தம்பி, அதே மோட்டார் சைக்கிள். இந்த முறை கமராவைப் போட முந்தியே கேட்டேன், சந்தையில் சனம் என்ன கேட்குது என்று. "சாப்பிடலாமா எண்டுதான் சேர்." ஒரு போத்தலில் பச்சைத் தண்ணீரையும் மீற்றரையும் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இந்த இடத்துத் தண்ணியில காத்துக் குறைஞ்சு மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு. நஞ்சா எண்டு பார்க்க அனுப்பியிருக்கிறம், முடிவு வெள்ளிக்கிழமை. அது வரைக்கும் இந்த இடத்து மீன் வேணாம். மத்தப் பக்கம் அளந்தன், அங்க ஒரு பிரச்சினையும் இல்ல." தெரிந்ததும் தெரியாததும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் வெட்ட முடியவில்லை. 20 செக்கன் போட்டார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தபோது நஞ்சில்லை என்பது அவர்களுக்குச் செய்தியாகப் படவில்லை. வானொலிக்கும் மீனவர் சங்கத்துக்கும் நானே அழைத்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தோணிக்காரர் மகனிடம் ஒரு பையில் மடவை கொடுத்தனுப்பியிருந்தார். மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, அத்தனை செய்தியும் கேட்டவள், என்னைப் பார்த்து, "இது சாப்பிடலாம்தானே?" என்றாள்.