ஆகஸ்டில் பொங்கும் ஆறு: கரையோர வீட்டை வாங்கலாமா?

கேள்வி: என் மகளும் மருமகனும் அலாஸ்காவில், ஜூனோ நகரில் வேலை பார்க்கிறார்கள். மெண்டன்ஹால் ஆற்றை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவு. "வருஷா வருஷம் வெள்ளம் வரும், ஆனா இப்போ தடுப்பு போட்டுட்டாங்க மாமா" என்கிறார் மருமகன். வாங்கச் சொல்லலாமா? என்னென்ன விசாரிக்க வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: மருமகன் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் நம் ஊர் வெள்ளக் கணக்கை வைத்து அந்த ஆற்றை எடைபோடாதீர்கள். நமக்கு வெள்ளம் என்றால் மழை. அங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல், வெயில் அடிக்கும் நாளிலும் ஆறு பொங்கும்.

ஊருக்கு மேலே மெண்டன்ஹால் பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) இருக்கிறது. அதோடு பக்கவாட்டில் வந்து சேர்ந்துகொண்டிருந்த சிறிய பனியாறு ஒன்று, வெப்பம் கூடக்கூட உருகி மேலே பின்வாங்கிவிட்டது. அது விட்டுப்போன பள்ளத்துக்கு சூசைட் பேசின் என்று பெயர். பனி உருகிய நீரும் மழைநீரும் கோடை முழுக்க அதில் தேங்கும். அதற்குக் கரை, பெரிய பனியாற்றின் விலாப்புறம்தான். அதாவது வெறும் பனிக்கட்டி. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும் பொருள் அல்லவா? நீர் போதிய உயரம் ஏறியதும் கரை லேசாகத் தூக்கிக்கொடுக்கும், அடியில் நீர் நுழையும். ஓடுகிற நீரின் சூட்டில் வழி அகலமாகும், அகலமானால் இன்னும் அதிக நீர் ஓடும். இரண்டொரு நாளில் பள்ளமே காலி. அத்தனையும் பனியாற்றின் அடியில் இருக்கும் மெண்டன்ஹால் ஏரி வழியாக ஆற்றுக்கு வந்துவிடும்.

2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்தது நினைவிருக்கும். அங்கே இருந்தது பனியாறு ஒதுக்கிய மண்ணும் கல்லும் சேர்ந்த கரை. உடைந்த கரை தானாக எழும்பாது. ஜூனோவில் நீர் வடிந்ததும் பனி மறுபடி அமர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும், அடுத்த கோடையில் பள்ளம் மீண்டும் நிரம்பும். 2011-ல் தொடங்கியது இது, இன்னும் நின்றபாடில்லை.

மெண்டன்ஹால் ஏரி மட்டம் 14 அடியைத் தொட்டால் ஜூனோவில் பெருவெள்ளம் என்று கணக்கு. 2023 ஆகஸ்டில் 14.97 அடி. 2024-ல் 15.99. 2025-ல் 16.65. ஒவ்வொன்றும் முந்தையதை மிஞ்சிய உச்சம். "முப்பது வருஷமா இந்தத் தெருவுக்குத் தண்ணி வந்ததே இல்லை" என்று விற்பவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அந்த முப்பது வருஷம் இனி எதற்கும் உதவாது, அவ்வளவுதான்.

ஆபத்து இரண்டு வகை. 2024-ல் ஏறத்தாழ 300 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023-ல் நடந்தது வேறு: ஆறு கரையை அரித்தது, ஒரு வீடு மண் பிடிமானம் இழந்து அப்படியே ஆற்றில் சாய்ந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பொல்லாதது. நனைந்த வீட்டைக் காயவைக்கலாம், மனையே போனால்? அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர் தரும், நிலத்துக்கு ஒரு காசும் தராது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது என்பதையும் மருமகனிடம் சொல்லிவையுங்கள். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்காமல் பின்னால் தனியாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆகஸ்ட் முதல் வாரம் நினைவு வந்து பயனில்லை.

தடுப்பு என்பது ஹெஸ்கோ: கம்பிவலைக் கூண்டுக்குள் துணி விரித்து மணல் கொட்டிய பெட்டிகள். 2025 வெள்ளத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடித்து நூற்றுக்கணக்கான வீடுகளைக் காப்பாற்றியது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. பள்ளத்து நீரைச் சுரங்கம் வெட்டி முன்கூட்டியே வடிப்பது போன்ற நிரந்தர வழிகள் இன்றைக்கு நினைத்து நாளைக்கு முடிகிற வேலை இல்லை. தடுப்புச் செலவில் ஒரு பங்கைக் கரையோர மனைக்காரர்களும் சுமக்கிறார்கள். அந்தப் பாக்கி இந்த மனைமேல் எவ்வளவு என்று நகராட்சியில் கேட்கட்டும். ஏரி மட்டம் எத்தனை அடி ஏறினால் எந்தத் தெரு நனையும் என்ற வரைபடமும் அங்கே உண்டு. 17, 18 அடிக்கான படத்தில் இந்த வீட்டைத் தேடச் சொல்லுங்கள்.

என் முடிவு: இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பகுதிதான் பிடித்திருக்கிறது என்றால் மேட்டுத் தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்து ஒரு ஆகஸ்டைப் பார்க்கட்டும்.

அதையும் மீறி வீடு பார்க்கப் போனால், கையில் டார்ச் இருக்கட்டும். தரைக்கு அடியில் தவழ்ந்து போகிற இடைவெளி இருந்தால் உள்ளே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனியாற்று வண்டல் சிமெண்டுப் பால் மாதிரி சாம்பல் நிறம், மாவுபோல நைசு. மரச்சட்டங்களின் இடுக்கில் ஒட்டினால் எளிதில் போகாது. வெளியே வெப்பமூட்டிக்கான எண்ணெய்த் தொட்டி தரையோடு இறுகக் கட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கட்டும். கட்டாத தொட்டி வெள்ளத்தில் மிதந்து, குழாய் பிய்ந்து, வீடெல்லாம் எண்ணெயாகிவிடும். ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. புதுத் தொட்டியோ கதவோ எதுவானாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும், பனிக்காலம் அதற்காகக் காத்திருக்காது.