"டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்கிறது பள்ளி: அடிக்கிற பிள்ளைக்கு என்ன வழி?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தமிழ்நாட்டில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பேச்சு குறைவு. ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார், இன்னொருவர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) என்றார். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. இந்த வருடம் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளை அடிக்க ஆரம்பித்திருக்கிறான். போன மாதம் ஒரு சிறுமியின் கையைக் கடித்துவிட்டான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பதினோரு மணிக்கே போன் வந்துவிடும், போய் அழைத்து வருவேன். இப்போது, "வகுப்பில் அவன் கூடவே இருக்க ஒரு ஷேடோ டீச்சரை உங்கள் செலவில் வையுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியை. "இனி அடித்தால் நாங்களே அழைத்துக்கொள்கிறோம்" என்று எழுதித் தரவும் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், பதினைந்தாயிரம் கொடுத்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அட்டையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. அதன் 16-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2019-இல் செய்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் ஆக்குவதைப் பற்றியது, நீக்கக் கூடாது என்பதை அது தொடவில்லை. இது உங்கள் தலைமை ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் "நீக்குகிறோம்" என்று ஒரு வரி எழுதித் தராமல் உங்களிடம் எழுதி வாங்கப் பார்க்கிறார். நீங்கள் டி.சி. கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டால் "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று ஆகிவிடும். அப்புறம் எந்த அதிகாரியிடம் போனாலும், "நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்பார். அந்த இன்னொரு கடிதமும் அதே கதைதான், இப்போது போடும் கையெழுத்தை மூன்று மாதம் கழித்து எடுத்து நீட்டுவார்கள்.

பள்ளியில் சண்டை போட வேண்டாம். "எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், என் கணவரிடமும் டாக்டரிடமும் காட்ட வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். அன்று மாலையே நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் கூப்பிட்டீர்கள், இன்னது சொன்னீர்கள், என் மகன் இதே பள்ளியில் தொடர விரும்புகிறோம், அவனுக்கு உதவித் திட்டம் ஒன்று போட ஒரு கூட்டம் வையுங்கள். நாலு வரி போதும். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்களும் இப்போதைக்கு வேண்டாம்.

இனி அந்தப் பதினோரு மணி போன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

பேச்சு குறைவான பிள்ளையின் அடி சும்மா வருவதில்லை, அவனுக்கு அது ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க, வேண்டிய பொருளைப் பெற, யாரையாவது தன் பக்கம் திருப்ப, தாங்க முடியாத சத்தத்தையோ தொடுதலையோ நிறுத்த. அநேகமாக இந்த நான்கில் ஒன்றுதான். உங்கள் மகன் என்ன கற்றுக்கொண்டிருக்கிறான்? அடித்தால் அம்மா வருவாள், வீட்டுக்குப் போகலாம். அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பள்ளியின் போன். ஒவ்வொரு முறை அழைத்துப் போகும்போதும் அடுத்த அடிக்கு நாமே விதை போடுகிறோம்.

அதனால் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக இதை வையுங்கள்: ரத்தக்காயம், வலிப்பு, காய்ச்சல் தவிர வேறு எதற்கும் வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. அதற்குப் பதில், சத்தமில்லாத ஓர் இடத்தில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கப் பத்து நிமிடம். திட்டு வேண்டாம், உபதேசமும் வேண்டாம். பிறகு அதே வகுப்பு, அதே வேலை, ஆனால் சின்னதாக்கிக் கொடுக்க வேண்டும். பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் இரண்டு வரி. கூடவே, அடிக்காமலே "எனக்குப் போதும்" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். மேசை மேல் ஒரு சிவப்பு அட்டை இருந்தால் போதும், அதை எடுத்துக் காட்டினால் உடனே ஐந்து நிமிட ஓய்வு. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவைகூடக் காட்டுவான். காட்டட்டும்.

ஒன்றை முன்கூட்டியே பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தியதும் சில நாட்கள் அடி கூடும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். அந்த நேரத்தில் பயந்து போன் செய்துவிட்டால் முன்பைவிட மோசமாகிவிடும்.

எதனால் அடிக்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும், பெரிய டெஸ்ட் எதுவும் தேவையில்லை. அடிப்பதற்கு சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள், மணி என்ன. வகுப்பாசிரியை நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத மாட்டார், நாலு கட்டம் போட்டு நீங்களே கொடுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வார்த்தை எழுதினால் போதும். நான் பார்த்த ஒரு பையன் "காரணமே இல்லாமல்" அடிக்கிறான் என்றார்கள். இரண்டு வார நோட்டைப் பார்த்தால், முக்கால்வாசி சம்பவம் சாப்பாட்டு மணிக்கு முன்னால், கைகழுவப் போகும் வரிசையில். பின்னால் நிற்கும் பிள்ளை முதுகில் இடிப்பது இவனுக்குத் தாங்கவில்லை. வரிசையின் கடைசியில் சுவரோரமாக நிற்க வைத்தார்கள். அந்த நேரத்து அடி அநேகமாக நின்றேவிட்டது. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது, ஆனால் நோட்டு இல்லாமல் எவருக்கும் தெரியப் போவதில்லை.

"இந்த வருடம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல் சொத்தை, காதில் சீழ், மலச்சிக்கல், தூக்கமின்மை. வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளை வலியைக் கையால்தான் சொல்லும். பிறகு, வகுப்பில் புதிதாக என்ன மாறியது என்று கேளுங்கள்: ஆசிரியை, இடம், எழுத வேண்டிய அளவு.

ஷேடோ டீச்சர் விஷயத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பெற்றோர் ஆள் வைத்தால்தான் படிக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. சிறப்பாசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்று, 2021-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 2022-இல் மத்திய அரசே கணக்குச் சொல்லிவிட்டது: தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். நடைமுறை? அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் வருவார், அவர் தலையில் எத்தனை பள்ளியைக் கட்டியிருக்கிறார்கள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கப் பணம் இருக்கும் தனியார் பள்ளிகளில் பலவற்றுக்குச் சிறப்பாசிரியர் என்றதும் கஷ்டகாலம் வந்துவிடும்.

சரி, வேறு வழியில்லாமல் ஆள் வைக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால், பள்ளி கைகாட்டும் ஏஜென்சியிடம் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள். பெற்றோர் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு நடுவிலேயே நின்றுவிடும், மிச்சத்துக்கு வருவது எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கையைப் பிடித்து உட்கார வைப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கையைப் பிடித்தால் உங்கள் மகன் இன்னும் அடிப்பான். சிறப்பாசிரியர் என்றோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றோ சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், குழுமத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். "எங்கள் சென்டர் பெயரைச் சொன்னாலே போதும் மேடம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்பவரும் இதே ரகம்தான்.

இப்போது சான்றிதழ். அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் ஆளை இன்றே விட்டொழியுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. மத்திய அரசின் இணையதளத்தில் நீங்களே போடலாம், தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பரிசோதித்துச் சான்று தருவது அரசு மருத்துவமனை. புரோக்கர் செய்வதெல்லாம் நீங்கள் நிற்க வேண்டிய வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பது மட்டும்தான். அதைவிட மோசம், சில ஆட்கள் டாக்டர் பார்க்காமலே தாள் வாங்கித் தருவார்கள். நாளைக்குப் பள்ளி அதைச் சரிபார்க்க அனுப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள், உங்கள் விஷயத்தில் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. 2016 சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம் இருக்கிறது. கற்றல் குறைபாடு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. ஆகவே ஒரு டாக்டர் "ஆட்டிசம்" என்று எழுதினால் உங்கள் மகனுக்கு ஒரு கதவு திறக்கிறது, இன்னொருவர் "ஏ.டி.எச்.டி." என்று மட்டும் எழுதினால் அதே பிள்ளைக்கு, அதே அடிக்கு, அந்தக் கதவு திறக்காமல் போகலாம். அதற்காக "ஆட்டிசம் என்றே எழுதுங்கள் டாக்டர்" என்று கெஞ்சப் போகாதீர்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பது சகஜம். பேச்சு குறைவு என்று வேறு சொல்கிறீர்கள். எனவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவிலோ, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலோ முழு மதிப்பீடு ஒன்று செய்துவிடுங்கள். கற்றல் குறைபாட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குச் சான்று எட்டு வயதிலிருந்துதான் தருவார்கள், உங்கள் மகனுக்கு இப்போது அந்த வயது. எல்லாம் பார்த்தும் ஏ.டி.எச்.டி. மட்டும்தான் என்று வந்தால்? அட்டை கிடைப்பது கஷ்டம். ஆனால் நீக்கக் கூடாது, அடித்தோ அவமானப்படுத்தியோ தண்டிக்கக் கூடாது என்ற 2009 சட்டத்தின் பாதுகாப்புக்கு எந்த அட்டையும் தேவையில்லை. டாக்டரின் கடிதத்தை வைத்துக்கொண்டே மேலே சொன்ன திட்டத்தைக் கேட்கலாம்.

"குறைபாடு நாற்பது சதவீதம் இருந்தால்தான் சலுகை" என்று பள்ளியில் சொல்வார்கள். பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி போன்ற சில உரிமைகளுக்குத்தான் அந்த நாற்பது. வகுப்பில் தேவையான ஏற்பாட்டைக் கேட்க அது வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். கூட்டமும் வைக்கவில்லை, டி.சி. பேச்சும் நிற்கவில்லை என்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அங்கேயும் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். பள்ளியை வரவழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. 2016 சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பல பள்ளிகளின் ஒரு டெர்ம் ஃபீஸை விடக் குறைவு, என்ன சொல்ல! இருந்தாலும் ஆணையரிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் போதும், இதுவரை நேரமில்லாத தாளாளருக்கு நேரம் கிடைத்துவிடும்.

கடைசியாக, கடிபட்ட சிறுமியின் வீடு. வாட்ஸ்அப் குரூப்பில் பதில் எழுத வேண்டாம். வகுப்பாசிரியை மூலம் கேட்டுக்கொண்டு அந்த அம்மாவிடம் நேரில் போய் வருத்தம் சொல்லுங்கள், காயம் எப்படி என்று கேளுங்கள், பள்ளியோடு சேர்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மகனின் நோய்க்கதை முழுவதையும் அங்கே விரிக்க வேண்டாம். தலைமை ஆசிரியையை நெருக்குவது அநேகமாக இப்படிப்பட்ட இரண்டு மூன்று பெற்றோர்தான், அவர்களில் ஒருவர் அடங்கினாலே உங்கள் கூட்டம் சுலபமாக நடக்கும். கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், கணவரோ உறவினரோ ஒருவர் கூட வரட்டும், பேசியதை அவர் குறித்துக்கொள்ளட்டும்.