தம்பதியர் ஐக்கிய விருந்தில் என்ன விளையாடலாம்? – கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில், கணவன் மனைவியராகக் கூடி உண்ணும் தம்பதியர் ஐக்கிய விருந்துகளில் 22 ஆண்டுகளாக விளையாட்டுகளை நடத்தி வருகிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விருந்துக் காலம் நெருங்குவதால் பலரும் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் சபையில் முதல் முறையாக 40 தம்பதியருக்கு விருந்து வைக்கிறோம். பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. எந்த விளையாட்டோடு தொடங்கலாம் அக்கா?

வேதாகமத் தம்பதியரைத் தேடும் விளையாட்டோடு தொடங்குங்கள். பல இடங்களில் ஆண்களுக்குக் கணவன் பெயரையும் பெண்களுக்கு மனைவி பெயரையும் எழுதிக் கொடுத்து, தனித்தனியாகத் தேட விடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அறிமுகமில்லாத ஆண்களிடம் போய்ப் பேசக் கூச்சப்படும் பெண்கள் சுவரோரமாக ஒதுங்கிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயரைக் கொடுங்கள். ஒரு தம்பதியர் "ஆக்கில்லா" என்ற அட்டையை வைத்திருந்தால், "பிரிஸ்கில்லா" என்ற அட்டையை வைத்திருக்கும் இன்னொரு தம்பதியரைத் தேட வேண்டும். பெயரை நேரடியாகக் கேட்கக் கூடாது, "நீங்கள் கூடாரம் செய்கிறவர்களா?" என்பதுபோல, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மட்டுமே கேட்கலாம். கண்டுபிடித்த நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே நட்பு தொடங்கிவிடும்.

40 தம்பதியருக்கு 20 பெயர் ஜோடிகள் தேவைப்படும். ஈசாக்கு – ரெபெக்காள், போவாஸ் – ரூத், சகரியா – எலிசபெத்து போன்றவை எல்லாருக்கும் தெரியும். வேதப்புத்தகத்தை நன்றாக வாசிப்பவர்களுக்காக லபிதோத் – தெபோராள், ஒத்னியேல் – அக்சாள், சல்லூம் – உல்தாள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாக்கோபை விட்டுவிடுங்கள், லேயாளா ராகேலா என்ற குழப்பம் வரும். எல்க்கானாவுக்கும் இரண்டு மனைவியர் இருந்தார்கள். மனோவாவின் மனைவிக்கு வேதத்தில் பெயரே இல்லை. பொய் சொல்லி மாண்ட அனனியா – சப்பீராளும், கொடுமைக்குப் பேர்போன ஆகாப் – யேசபேலும் வேண்டவே வேண்டாம். யேசபேல் என்று எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க எந்தப் பெண்ணும் விரும்பமாட்டார்.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: கணவனையும் மனைவியையும் முதுகுக்கு முதுகாக உட்கார வைத்து, "உங்களில் யார்" என்று கேள்வி கேட்டு, செருப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லும் விளையாட்டு எப்படி?

விளையாட்டு நல்லது, செருப்பு வேண்டாம்; பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. ஆளுக்கு ஒரு பனையோலை விசிறி கொடுங்கள். விடை "நான்" என்றால் விசிறியைத் தூக்க வேண்டும், "என் துணை" என்றால் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தூக்கி மற்றவர் தூக்காவிட்டால் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்று பொருள். ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். வீட்டில் முதலில் விழிப்பவர் யார், சாவியை வைத்த இடத்தை மறப்பவர் யார், சண்டைக்குப் பிறகு முதலில் பேசுகிறவர் யார் என்றெல்லாம் கேட்கலாம். சம்பளம், மாமியார், உடல் எடை, நிறம், பிள்ளைப்பேறு ஆகியவற்றைத் தொடவே கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தில், "மனைவியின் சமையலில் உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்ற கேள்வியை நானே ஒலிபெருக்கியில் கேட்டேன். ஒருவர் விளையாட்டாக ஏதோ சொன்னார். கூடம் முழுவதும் சிரித்தது. அவருடைய மனைவியும் சிரித்தார். ஆனால் பந்தியில் பரிமாறிய பிரியாணியில் ஒரு கவளம் மட்டும் எடுத்துவிட்டு, கையைத் தட்டிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். அடுத்த ஆண்டு அவர்கள் இருவருமே விருந்துக்கு வரவில்லை. அன்று முதல் என் கேள்வித்தாளை, விருந்துக்கு முன்பாக, திருமணமான ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தனித்தனியே படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மேடைக்குக் கொண்டுபோகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் குடியிருப்பில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் சேர்ந்து விருந்து வைக்கிறோம். வேத வினாடி வினாவில் சிக்கல் வருமா?

வரும். நாம் ஆதியாகமம் என்பதைக் கத்தோலிக்கர் தொடக்க நூல் என்பார்கள். யாத்திராகமம் அவர்களுக்கு விடுதலைப் பயணம். நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், அவர்களுடையதில் 73. எனவே "மொத்தம் எத்தனை புத்தகங்கள்?" என்று கேட்டால் இரண்டு விடைகளுமே சரியாகிவிடும், அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். பெயர்களை அட்டையின் ஒரு பக்கத்தில் நம் வழக்கிலும் மறுபக்கத்தில் அவர்கள் வழக்கிலும் எழுதுங்கள். முடிந்தால் தோபியா – சாரா கதையை ஒரு கத்தோலிக்க நண்பரைச் சொல்லச் சொல்லுங்கள். திருமண இரவில் கணவனும் மனைவியும் எழுந்து நின்று சேர்ந்து மன்றாடும் அந்தப் பகுதி தோபித்து நூலில் இருக்கிறது. நம் சபையார் பலர் அதைக் கேட்டதே இல்லை. தம்பதியர் விருந்துக்கு அது மிகவும் பொருத்தமானது.

தூத்துக்குடியிலிருந்து: பரிசாக எதைக் கொடுக்கலாம்?

வீட்டில் இருவரும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருள் போதும்.

மதுரையிலிருந்து: முதல் பரிசுக்கு எவ்வளவு செலவிடலாம்?

குறைவாகச் செலவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர்: பல சபைகளில் ஐக்கிய விருந்து என்றால் தம்போலாதான் என்றாகிவிட்டது. சீட்டுக்குக் காசு வாங்கி, எண்களைக் கூப்பிட்டு, பரிசுப் பணம் கொடுக்கிறார்கள். இது சூதாட்டம் இல்லையா? கேட்டால், யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலனாக மத்தியாவையே சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்கிறார்கள்.

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்த வேறு நால்வரும் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இருவர் உங்கள் பக்கம், ஒருவர் தம்போலாவின் பக்கம். விருந்தில் விளையாட்டே வேதத்துக்கு ஒவ்வாதது என்கிறார் இன்னொருவர். ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் மத்தியாவின் பெயருக்குச் சீட்டு விழுந்தது உண்மை. ஆனால் அவர்கள் ஜெபம் பண்ணிய பிறகு சீட்டுப் போட்டார்கள். அதற்காக ஒருவரும் காசு கட்டவில்லை, ஒருவரும் எதையும் இழக்கவில்லை. எனவே அந்த வசனத்தைக் காட்டிப் பணம் கட்டி ஆடும் தம்போலாவை நியாயப்படுத்த முடியாது. அதேபோல, சீட்டுப் போடுவதே பாவம் என்றும் சொல்ல முடியாது.

விளையாட்டே கூடாது என்கிறவர் நியாயாதிபதிகள் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்க வேண்டுகிறேன். சிம்சோன் தன் கலியாண விருந்தில், 30 தோழர்களுக்கு முன்பாக, ஏழு நாள் தவணை கொடுத்து ஒரு விடுகதை போட்டான். "பட்சிக்கிறவனிடத்திலிருந்து பட்சணமும், பலவானிடத்திலிருந்து மதுரமும் வந்தது" என்பது அந்த விடுகதை. சிங்கத்தின் உடலில் தேன் இருந்ததைக் கண்டவனுக்கு அல்லாமல் வேறு யாருக்கும் விடை தெரியாது. விடுகதை போட்டது குற்றம் என்று அங்கே எழுதப்படவில்லை. கேட்டுக்குக் காரணம் பந்தயம். 30 துப்பட்டிகளும் 30 மாற்று வஸ்திரங்களும் பணயமாக வைக்கப்பட்டதால், தோற்க விரும்பாத தோழர்கள் மணப்பெண்ணை மிரட்டினார்கள். அவள் விருந்து நாளெல்லாம் அழுது, கணவனிடமிருந்து விடையை வாங்கி அவர்களிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பின் அஸ்கலோனில் 30 பேர் மாண்டார்கள், அந்த மணவாழ்வும் முறிந்தது. பணயத்தையும், மனைவியின் வாயிலிருந்து கணவனின் இரகசியத்தைப் பிடுங்குவதையும் விலக்கிவிட்டால், விடுகதை எந்தச் சபையிலும் போடத்தக்க நல்ல விளையாட்டு.

தம்போலாவில் எனக்குள்ள பெரிய குறை வேறு. 90 எண்களைக் கூப்பிட்டு முடிக்கும்வரை எல்லாரும் தத்தம் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதே இல்லை. சபையார் கேட்டுக்கொண்டதால் நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், சீட்டுக்குக் காசு வாங்காதீர்கள். தம்பதியருக்கு ஒரே சீட்டைக் கொடுத்து, சீட்டை ஒருவர் கையிலும் பேனாவை மற்றவர் கையிலும் வைக்கச் சொல்லுங்கள். முதல் வரிசையோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் சபையின் ஆயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

வேலூரிலிருந்து: விருந்தை பிப்ரவரி 14 அன்று வைக்க நினைக்கிறோம்.

அந்த ஆண்டின் நாட்காட்டியை முதலில் பாருங்கள். 2018இலும் 2024இலும் அதே நாளில் சாம்பல் புதன் வந்தது. அன்று தொடங்கும், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தில் விருந்து வைப்பது பொருத்தமல்ல.

சென்னையிலிருந்து: கணவனும் மனைவியும் அணைத்துக்கொண்டு பலூனை உடைக்கும் விளையாட்டு வைக்கலாமா?

வேண்டாம். பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்கும் கூடம் அது. முகவாயில் ஆரஞ்சுப் பழத்தை மாற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மனைவியின் கையைத் தடவிக் கண்டுபிடிப்பது ஆகியவற்றைக் கேட்டிருக்கும் மற்ற ஆறு பேருக்கும் இதுவே பதில்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: பரிசு என்ன கொடுப்பது?

மேலே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பரிசைப் பற்றிய மற்ற கேள்விகளுக்கு இனிமேல் பதில் எழுதுவதாக இல்லை. கேள்வித்தாளைத் தயாரிக்க அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

சாயர்புரத்திலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். போன முறை விருந்துக்குப் போய், எல்லாரும் ஜோடியாக எழுந்து நின்றபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை போகலாமா அக்கா?

போங்கள் அம்மா. அதற்கு முன் விருந்துக் குழுவில் உள்ள ஒருவரிடம் உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். குழுவினர் இதைப் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் சொல்கிறேன்: வெளிநாட்டில் கணவர் இருக்கும் பெண்களும், துணையை இழந்தவர்களும் நம் சபைகளில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். "எல்லாத் தம்பதியரும் எழுந்து நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள், மேசைவாரியாகக் கூப்பிடுங்கள். எங்கள் சபையில் ஒரு சகோதரியின் கணவரிடம் முன்னதாகவே கைப்பேசியில் பத்துக் கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்ன விடைகளை ஒரு தாளில் எழுதி மூடி வைத்திருந்தோம். அந்தச் சகோதரி விசிறியைத் தூக்கத் தூக்க, நான் தாளிலிருந்து அவர் கணவரின் விடையை வாசித்தேன். பத்தில் எட்டு ஒத்துப்போயிற்று. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துத் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.